மடியில் இருந்த மஞ்சள் பை

சென்ற ஆண்டு ஆடி மாதம் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு இருபது. குற்றாலத்தில் வெயிலே இல்லை, சாரலும் காற்றும்தான். மெயின் அருவியில் குளித்து முடித்து, பையை வாங்க எண்ணெய்க் கடைக்கு வந்தேன். குளிக்கப் போகிறவர்களின் பைகளை அங்கே வைத்துக்கொள்வார்கள்.

நான் சர்வேயராக முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். வயது எழுபத்தொன்று. எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. முந்தின நாள் மாலை தென்காசியில் மருமகன் என்னை ஒரு படத்துக்கு அழைத்துப் போயிருந்தார். ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வளரும் பையன்கள் ரவுடிக் கும்பலாக மாறுகிற கதை. விருதெல்லாம் வாங்கிய படமாம். மருமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். நான் கொலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினொன்று. வீட்டுக்கு வந்தும் நாலு முறை எழுந்து கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன்.

இப்போது எண்ணெய்க் கடை வாசலில் ஐந்து பையன்கள் நின்றார்கள். இரண்டு பேருக்குப் படத்தில் வந்த மாதிரியே காதோரம் மழித்த முடி. ஒருவன் கழுத்தில் பச்சை குத்தியிருந்தான். நடுவில் நின்றவன் மொட்டை, கண்கள் சிவந்திருந்தன. படத்தில் முதல் குத்து குத்தியவனும் மொட்டைதான். அவன் என்னையே பார்ப்பது போலிருந்தது. தரையில் இருந்த துணிக்கடை மஞ்சள் பையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பின்னால் சத்தம் கேட்டது. "தாத்தா! ஏ தாத்தா, நில்லுங்க!"

நான் ஓடினேன். பத்து வருடங்களுக்குப் பிறகு ஓடினேன். புறப்பட்டுக்கொண்டிருந்த தென்காசி பஸ்ஸில் ஏறி, பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பைக்குகள் விரட்டி வந்தன. மேலகரத்தில் பஸ் நின்றதும் ஐந்து பேரும் ஏறிவிட்டார்கள்.

"ஏலே, பஸ்ஸுக்குள்ள என்னலே சண்ட?" என்றார் கண்டக்டர்.

"பணத்த எடுத்துக்கோங்கய்யா. மாத்திரையை மட்டும் விட்ருங்க" என்றேன்.

மொட்டைப் பையன் அழுதுவிட்டான். "பணமா? தாத்தா, எங்க அம்மைய எங்க கொண்டு போறிய?"

பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே சிவப்புத் துணியால் வாய் கட்டிய மண் கலயம். அவன் அம்மாவின் அஸ்தி. ஓட்டத்தில் நான் அதை எத்தனை இடத்தில் இடித்திருப்பேனோ! மொட்டைப் பையன் கலயத்தை இரண்டு கையாலும் வாங்கி, அடியில் தடவிப் பார்த்தான்.

"ஒடையல, மக்கா" என்றான். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பச்சை குத்தியவன், அதே துணிக்கடையின் அதே மாதிரி மஞ்சள் பையான என் பையை நீட்டினான். நான் துண்டு, மாத்திரை, பர்ஸ் என்று வாங்கின கையோடு எண்ண ஆரம்பித்துவிட்டேன். அறுநூற்று நாற்பது ரூபாய்.

"சரியா இருக்கா, தாத்தா?" என்று கேட்டான் அவன். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான். எனக்குத் தலை நிமிரவில்லை.

கண்டக்டரிடம் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு அவர்களோடு நானும் இறங்கி, பைக்கில் மூன்றாவது ஆளாகக் குற்றாலத்துக்கே திரும்பினேன்.

"வாழ்நாள் பூரா பீடி சுத்துனா. இம்புட்டுப் பக்கத்துல இருந்தும் ஒரு சீசனுக்குக்கூட வந்ததில்ல. அருவித் தண்ணியில கரைச்சிருன்னு சொல்லிட்டுப் போயிட்டா" என்றான் மொட்டைப் பையன் வழியில்.

முந்தின நாள் பார்த்த படத்தை நினைத்துப் பயந்துதான் ஓடினேன் என்று ஒப்புக்கொண்டேன். "அந்தப் படத்துல அம்மா செத்ததும் அவன் அருவாள எடுப்பாம்லா. இவன் நாலு நாளா அழுதுக்கிட்டே இருக்கான். இவனெல்லாம் ஒரு ரவுடியா?" என்றான் வண்டி ஓட்டியவன். மொட்டையும் சிரித்துவிட்டான்.

அருவிக்குக் கீழே ஆற்றில் அஸ்தியைக் கரைத்தார்கள். பாறை வழுக்கியதால், பச்சை குத்தியவன் கடைசிவரை என் கையை விடவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஊர் ஊராக நிலம் அளந்தவன் நான். மழித்த தலையைப் பார்த்ததும் துக்க வீடு என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்கோ படம்தான் ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் தனியாகப் போய் அதே படத்தை மறுபடியும் பார்த்தேன். கொலைகளை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்காக வாசலில் காத்திருக்கும் அம்மாக்களை எண்ணினேன். ஏழு பேர். முதல் தடவை அவர்களில் ஒருத்திகூட என் கண்ணில் படவில்லை. இப்போதெல்லாம் தெருவில் ஒரு மொட்டைத் தலையைப் பார்த்தால், பாவம், வீட்டில் யார் தவறினார்களோ என்றுதான் மனம் முதலில் கேட்கிறது. இதற்கு எனக்கு ஆன செலவு, பஸ்ஸுக்குப் பத்து, இரண்டாவது சினிமா டிக்கெட்டுக்கு நூற்று முப்பது, ஆக நூற்று நாற்பது ரூபாய்.