பவுலின் கிழித்துக் கொடுத்த படங்கு

பவுலினுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. இலங்கை மலையகத்தில் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பதினெட்டுப் பிள்ளைகள் அவள் பொறுப்பு. 1958இல் தோட்டத்து மருந்துக்காரர் ஞானரட்ணம் ஒரு நீலமருந்துப் புட்டியையும் இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் கையில் கொடுத்ததும், இருந்த கொஞ்ச நிம்மதியும் போயிற்று.

“பாலில ஒரு சொட்டு விட்டு, வெதுவெதுப்பான தண்ணியில வைங்க. கிருமி நெறைய இருந்தா நீலம் வெளுத்துரும். அரை மணிக்குள்ள வெளுத்தா புள்ளைகளுக்குக் குடுக்காதீங்க” என்றார்.

மாட்டுக்காரப் பழனியாண்டியின் பால் மூன்று நாளும் இருபதே நிமிடத்தில் வெளுத்தது. குழாயைப் பார்ப்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், வாசல்வரை போய்வருவாள். பிறகு பாலை வாசலோரம் அழுக்குத் தண்ணீர் ஓடும் கானில் கொட்டுவாள். பிள்ளைகள் வெறுங்கஞ்சிக்குச் சிணுங்கினார்கள். கொழுந்தெடுக்கும் ராக்காயியின் மகளோ முன்பே வயிற்றோட்டத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். “அந்தாளு பீலியில வழியுற ஊத்துத் தண்ணியப் பால்ல கலக்குறாரு” என்று தாய்மார் நடுவில் பவுலின் சொல்லியும்விட்டாள். வாய்தான் எப்போதும் முந்திக்கொள்ளுமே.

நான்காம் நாள் விடிந்ததும் புட்டியும் குழாய்களுமாக மாட்டுப்பட்டிக்கே போனாள். அப்போது கறந்த பாலை ஒரு குழாயிலும், பிள்ளைகளுக்கென்று கேனில் எடுத்து வைத்திருந்த முதல்நாள் சாயந்தரப் பாலை இன்னொன்றிலும் வைத்தாள். புதுப்பாலில் நீலம் அப்படியே நின்றது. பழையது மளமளவென்று வெளுத்தது. அந்தப் பால் இருந்த கேனின் வாயில் ஈரத்துணி ஒன்று அடைத்திருந்தது. மோந்து பார்த்தாள், புளித்து நாறியது.

“இது என்னண்ணே?”

“நீங்க குடுத்ததுதான் ஆயம்மா. மேடேறி வாரப்ப பாலு சிந்துதுன்னு போன மாசம் ஒங்க பழைய படங்கக் கிழிச்சுக் குடுத்தீங்களே. ராவைக்கும் அதாலதான் அடைக்கிறேன். தெனம் பீலியில அலசிருவேன்.”

கொழுந்தெடுத்த காலத்தில் தன் இடுப்பில் கட்டிய படங்குச்சாக்கு. பவுலின் வெடுக்கென்று துணியைப் பிடுங்கினாள். அதை அடுப்பில் போட்டுவிட்டு, கேனை வெந்நீரில் கழுவி மூடி போடச் சொன்னாள்.

மறுநாள் காலை தாய்மாரை நிறுத்திச் சொன்னாள்: “பழனியாண்டி அண்ணன் மேல தப்பு இல்ல. துணி என்னோடது. நான் பேசுனதும் தப்பு.”

ராக்காயி கூடையைத் தலையில் மாட்டினாள்.

“எம்புள்ள இன்னும் வரல ஆயம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு மலைக்கு நடந்தாள்.

அன்று நீலம் மூன்று மணி நேரம் தாண்டியும் நின்றது. பிள்ளைகள் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கினார்கள். பவுலின் மட்டும் உட்காரவில்லை. ஆஸ்பத்திரிப் பாதை தெரியும் வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள்.