தேவகி அக்கா பார்க்காத பூ

மதிய இடைவேளையில் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் செய்தி வந்தது. தேவகி அக்காவின் மகன் அனுப்பியிருந்தான்: "அம்மா காலைல போயிட்டாங்க ஆண்ட்டி." பத்து பாகாட் ஊர்ச் சட்டைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் எனக்குப் பக்கத்து மேசை அவர். அவரோடு வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் எதுவும் என்னிடம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தைத்த சட்டைகளில் பழுது பார்ப்பது எங்கள் வேலை. லினன் துணி வந்தால் அக்கா யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். புதிதாக வந்த சூப்பர்வைசர், நூல் அங்கங்கே தடித்திருப்பதைக் கண்டு ஒரு கட்டுச் சட்டையையே ஒதுக்கச் சொன்னார். "அது பழுது இல்ல மேடம். அந்தச் செடியோட நாரு அப்படித்தான் இருக்கும். தொட்டுப் பாருங்க, எவ்ளோ ஜில்லுன்னு இருக்கு!" என்று சட்டையை சூப்பர்வைசரின் கன்னத்திலேயே வைத்துவிட்டார். நாங்கள் பயந்து செத்தோம்.

அந்தச் செடி ஆளி என்பதும், கொழுப்புக்கு நல்லதென்று நான் கஞ்சியில் போட்டுக் குடிக்கும் விதை அதனுடையதுதான் என்பதும் தெரிந்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. "திங்கவும் ஆவுது, உடுத்தவும் ஆவுது. நாம ஒரு வேலைக்கே மூச்சு வாங்குறோம்லா!" போனில் அதன் நீலப் பூவைப் பார்த்தார். சிறுநீரகம் கெட்டு, வேலையை விட்டு, டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆசை அந்தப் பூவை நேரில் பார்ப்பதுதான்.

என் கஞ்சி விதைப் பாக்கெட்டிலிருந்தே எடுத்துத் தன் வீட்டு வாசலில் விதைத்தார். மூன்று வாரம் தண்ணீர் ஊற்றியும் ஒன்றும் முளைக்கவில்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், வறுத்த விதை! "அலமாக், ஐயோ! வறுத்தத வெதச்சிட்டு தெனமும் கும்பிடு வேற போட்டேன்!" சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. அடுத்து வறுக்காத விதை வாங்கிக் கொடுத்தேன். நம் ஊர் மழைக்கு எல்லாம் அழுகின. பெயிண்ட் வாளியில் ஒன்றே ஒன்று தப்பி, மெலிந்து நின்று, ஒரே ஒரு மொட்டு விட்டது.

ஆளிப் பூ காலையில் மலர்ந்து வெயில் ஏறினால் உதிர்ந்துவிடும். அது மலர்ந்தது ஒரு சனிக்கிழமை. அக்காவுக்கு டயாலிசிஸ் நாள். அவர் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றப் போன நான்தான் பார்த்தேன். மத்தியானம் அவர் திரும்பும்போது இருக்காதே என்று காம்போடு கிள்ளி எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் மையத்துக்குக் காரில் பறந்தேன். படம் எடுத்திருக்கலாமே என்பீர்கள். பூவையே கொண்டுபோகிறேனே, படம் எதற்கு என்று நினைத்தேன், மடச்சி. அக்கா பக்கத்தில் போய்க் கையை விரித்தபோது காம்பு மட்டும் இருந்தது. இதழ்கள் காரிலோ படிக்கட்டிலோ, எங்கே உதிர்ந்தனவோ.

அவர் திட்டவில்லை. காம்பை வாங்கிப் பார்த்தார். "விட்டிருந்தா காயாவது வச்சிருக்கும்லா, வசந்தி" என்றார். பிறகு, "சரி, எப்படி இருந்திச்சி? சொல்லு" என்றார். நீலம் என்றேன். வானம் மாதிரி என்றேன். "எந்த நேரத்து வானம்?" என்று கேட்டார்.

அதன் பின் விதைத்த எதுவும் பூக்கவில்லை. அவரும் போய்விட்டார். அவர் பார்த்திருக்க வேண்டிய பூவை நான் பார்த்துவிட்டேன். தேவகி அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.