இரண்டாவது பெயர்

ஆவடி சேக்காட்டில் குடியிருக்கும் இருதயராஜுக்கு வைஃபை சிப் கம்பெனியில் வேலை. அந்தச் சிப்பை இயக்கும் நிரல், லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஒரு பகுதி; அது ஒரே இடத்தில் வளர்வதில்லை. வைஃபைக்கு ஒரு கிளை, நெட்வொர்க்குக்கு ஒரு கிளை. ஒன்றில் செய்த திருத்தம் இன்னொன்றோடு முட்டாமல் பார்த்து அனுப்புவது அவர் பொறுப்பு. திருத்தத்தின் அடியில் எழுதியவர் பெயர் முதலில் வரும், அனுப்பியவர் பெயர் அதற்குக் கீழே. ஒன்பது வருஷமாக இவர் கீழேதான். போன வருஷம் சேர்ந்த ஷர்மிளா மேலே. வயிறு எரியாதா? எரிந்தது.

அன்று அவள் எழுதியது அடுத்த கிளையோடு முட்டும் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அண்ணா, நீங்க பார்த்துட்டா எனக்குப் பயமில்ல" என்றாள்.

முட்டட்டும், அவள் மூக்கு உடையட்டும் என்று வாயைத் திறக்காமல் அனுப்பிவைத்தார்.

இரண்டு கிளைகளும் சேர்ந்த நாளில் சோதனை லேப்டாப் ஒன்றில்கூட வைஃபை வரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் லினக்ஸ் தலைமைப் பொறுப்பாளர் எல்லோரும் படிக்கும்படி மெயில் போட்டார். ஷர்மிளாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எழுதியவருக்குத் தெரிந்தது ஒரு கிளை. இரண்டும் தெரிந்தவர் நீங்கள். எப்படி விட்டீர்கள்?"

மெயிலின் முதல் வரியில் இருதயராஜ் பெயர் இருந்தது. அதற்குக் கீழே வேறு யார் பெயரும் இல்லை.