அம்மாபேட்டைக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்ட பெயர்

அன்று அங்கே இருந்தவர்கள்: பாவாயி ஆகிய நான். என் கொழுந்தனார் ராமசாமி. அவருக்குச் சம்பந்தியாகப் போகிற பெரியண்ணன். மலாயாவிலிருந்து உயிரோடு திரும்பிய முத்தையன். பெயர் எழுதிய வாத்தியார் கந்தசாமி. ஆத்தூர்ப் பக்கத்துக் காளியம்மாள். மற்றவர்களின் முகம் ஞாபகம் இருக்கிறது, பெயர் அப்போதே தெரியாது.

யுத்தம் முடிந்த மறு வருடம், மாசி மாதம். என் வீட்டுக்காரர் கங்காணியோடு மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். ஜப்பான்காரன் அவரைப் பிடித்து, சயாம் காட்டில் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். அங்கே வாந்திபேதியில் இறந்துவிட்டார் என்று கூட இருந்தவர் காகிதம் போட்டிருந்தார். அதிலும் ‘உங்கள் வீட்டுக்காரர்’ என்றுதான் இருந்தது, பெயரில்லை. வீட்டில் அதை வெளியே சொல்லவில்லை. தாலியும் கழுத்திலேயே இருந்தது.

அப்படிச் செத்தவர்களின் பெயரைச் சேலத்தில் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் புறப்பட்டோம். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். “பேரை நான் சொல்றேனுங்க நங்கையா, நீங்க காயிதத்தை மட்டும் எடுத்துக்குங்க” என்று அண்ணி முறையான என்னிடம் சொன்னார் கொழுந்தனார். அதை நம்பித்தான் வண்டி ஏறினேன்.

நாமக்கல் வரை ஐந்து மைல் மாட்டுவண்டி. காலை ஆறு மணிக்குக் கரியில் ஓடும் பஸ், சேலத்துக்கு முப்பத்திரண்டு மைல், ஆளுக்குப் பன்னிரண்டணா. மல்லூர் தாண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டது. “ஆம்பளைங்க எறங்கித் தள்ளுங்க சாமி. கரி இருக்குது, வண்டிக்குத்தான் மூச்சு வாங்குது” என்றார் டிரைவர். சேலம் போய்ச் சேரப் பத்து மணி. அங்கிருந்து அம்மாபேட்டைக்கு ஜட்கா, நாலணா.

தறிக்கூடத்து வாசலில் கூட்டம். நெசவாளிகள் தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். முத்தையன் ஒரு மணி நேரம் பேசினார். மழையில் கூரையில்லாத கொட்டகை, நோய் வந்தவனை மூச்சிருக்கும்போதே தூக்கிப்போனது, எல்லாம் சொன்னார். “சிங்கப்பூர் கோர்ட்டுல வெள்ளைக்காரச் சிப்பாயிங்க பேரையெல்லாம் படிக்கறாங்க. நம்மாளுங்களைக் கூலிங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சர்றாங்க. பேரு குடுங்க, நானே கொண்டுபோறேன்” என்றார்.

காளியம்மாள்தான் முதலில் எழுந்தாள். “எம்புருசன் பேரு மாரிமுத்து” என்றாள். பின்னாலிருந்து ஒருத்தி, “பாரு, கட்டுனவன் பேரைக் கூசாம சொல்றா” என்று சிரித்தாள். காளியம்மாள் திரும்பி, “செத்தும் அவனைக் கூலின்னே சொல்லட்டுமா? நீ சிரி” என்றாள். வாத்தியார் எழுதிக்கொண்டார்.

அடுத்து எங்கள் முறை. கொழுந்தனார் எழுந்தபோதுதான் தூணோரம் நின்ற பெரியண்ணனைப் பார்த்தார். பங்குனியில் கொழுந்தனார் மகளுக்கும் பெரியண்ணன் மகனுக்கும் கல்யாணம். என் வீட்டுக்காரர் செத்தது தெரிந்தால் ஒரு வருடத்துக்கு வீட்டில் நல்ல காரியம் கிடையாது. “எங்கூட்ல யாரும் சாகலைங்க. அண்ணன் மலாயாவுல சௌக்கியமா இருக்கறாரு. சும்மா கேக்க வந்தமுங்க” என்றார்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். “உங்களுக்கு ஏதாச்சும் சொல்லோணுமாம்மா?” என்றார். கை இடுப்பில் செருகிய காகிதத்துக்குப் போனது. நாக்கு நுனிவரை பெயர் வந்தது. இல்லை என்று தலையை ஆட்டிவிட்டேன். அவர் அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில், “கண்ணாலம் முடியட்டுமுங்க, அப்பறம் எழுதிப் போட்டுக்கலாம்” என்றார் கொழுந்தனார். கல்யாணம் முடிந்தது. நானே வாத்தியாரைத் தேடிப் போனேன். முத்தையன் பட்டியலோடு கப்பலேறி இருபது நாள் ஆகியிருந்தது.

இன்றும் அந்த ரயில் பாதையில் செத்தவர்களின் பெயரைத் தேடிச் சேர்க்கிறார்களாம். போகிறவர்கள் காலை பஸ்ஸிலேயே போங்கள், கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருங்கள். பழைய காகிதம் இருந்தால் இடுப்பில் செருகாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆளின் பெயரை இன்னொருவர் வாயில் ஒப்படைக்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் பெயர் பழனியப்பன். இதை எழுதவே எனக்கு இத்தனை வருடமாகியிருக்கிறது, அந்தக் குற்றம் என்னுடையது. வழக்கம் என் வாயைக் கட்டியது. கொழுந்தனார் வாயை எதுவும் கட்டவில்லை. கூடப் பிறந்தவன் பெயரைச் சொல்ல எழுந்து நின்று, சொல்லாமல் உட்கார்ந்தவர் ராமசாமி. அவர் செத்தபோதும் நான் மன்னிக்கவில்லை.