கஞ்சிக்கு எதிராக ஒரு வாதம்

சென்ற வாரம் ஒரு பட்டிமன்றத்துக்காகப் பொகவந்தலாவைக்குப் போகும் வழியில், நோர்வூட் கடைத்தெருவில் பஸ் சற்று நின்றது. ஏதோ ஒரு தேநீர்க்கடைக் கல்லில் ரொட்டி கருகும் வாசனை சன்னல் வழியே வந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நானோ மனப்பாடம் செய்திருந்த தொடக்கவுரை முழுவதையும் மறந்துவிட்டேன். மேடையில் எதையும் மறக்காதவள் என்று எனக்கொரு பெயர் உண்டு. அதைப் பரப்பியவள் நானே என்பது வேறு விஷயம்.

பன்னிரண்டு வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. தேயிலைத் தோட்டத்து டாக்டரய்யா எண்ணெய், தேங்காய், மிளகாய், கருவாடு யாவற்றையும் விலக்கினார். எஞ்சியது கஞ்சி. நண்பரே, கஞ்சியின் சுவைமீது எனக்கு இன்றும் பகையில்லை. ஆயினும் குழைந்து, வழுக்கி, பாதி நீரும் பாதி சோறுமாக நாவில் நகரும் எதைக் கண்டாலும் என் தொண்டை கதவடைத்துக்கொள்ளும். நினைவு தெரிந்த நாள் முதல் அப்படித்தான். வெண்டைக்காயும் கனிந்த வாழைப்பழமும் என்னை விரட்டியிருக்கின்றன. சட்டைக் கழுத்தின் தையல்கூட அழவைத்திருக்கிறது. மருத்துவ உலகம் இதற்கு ஏதேனும் பெயரிட்டிருக்கலாம். எங்கள் லயத்து வரிசைவீட்டார் இட்ட பெயர் வாய்க்கொழுப்பு.

அம்மாவோ குறை சுவையில் இருப்பதாக நம்பினார். உப்பிட்டார், சீனி போட்டார், மோர் ஊற்றினார். எல்லாம் ஒரேமாதிரி வழுக்கின.

லயத்து ஒற்றையறைக் காம்பராக்களின் இடைச்சுவர் கூரையை எட்டாது. ஒரு வீட்டில் தாளித்தால் வரிசை முழுவதும் தும்மும். ஆகவே ஒரு வீட்டில் பத்தியம் என்றால் மற்ற வீடுகளில் கருவாடு பொரிப்பதில்லை. நோயாளியின் நாக்கு அலையக்கூடாதாம். நான் கஞ்சியைத் துப்பத் துப்ப, ஏதோ வாசனைதான் என்னைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி, ரசம் தாளிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். குளிரில் நனைந்து கொழுந்து பறித்துத் திரும்பிய சனம், நான் ஆசையே படாத கருவாட்டை எனக்காகத் துறந்து உப்புச் சோறு தின்றது.

சுவருக்கு அப்பாலிருந்து மாரியாயி அக்கா குரல் கொடுத்தார்:

"ஏண்டி, எங்க வீட்டு மனுசன் வெறுஞ்சட்டியப் பாத்துப் பெருமூச்சு விடுறாரு. ரெண்டு வாய் குடிச்சுத் தொலையேன்."

இதற்குள் எழுந்து நிற்க இயலாதபடி மெலிந்துவிட்டேன். இன்னும் எதுவும் வயிற்றில் தங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போவதாக டாக்டரய்யா வந்து சொன்னார். அம்மாவை உடன் தங்க விடமாட்டார்கள். அங்கும் கஞ்சிதான், ஊட்டுகிற கை மட்டும் அந்நியம். அந்த அச்சம் தந்ததே என் முதல் மேடை. சுவரில் சாய்ந்தபடி பேசினேன்.

"எண்ணெ வேணாம்னீங்க, தேங்கா வேணாம்னீங்க. சரிங்க. மொறுமொறுன்னு இருக்கக் கூடாதுன்னு சொல்லலியேங்க."

"கஞ்சியில என்ன கொற?" என்றார் டாக்டரய்யா.

"தொண்டையில ஊருதுங்க. பயமா இருக்கு. மாவத் தண்ணியில பெசஞ்சு, ஒண்ணும் தடவாம, காயக் காயச் சுட்டுக் குடுத்தா திம்பேன்."

வெட்கத்தில் அம்மா என் வாயைப் பொத்த வந்தார். டாக்டரய்யா கைகாட்டித் தடுத்தார். சற்று யோசித்தபின், சுட்டுப் பார்க்கலாம், ஆனால் கொதித்தாறிய நீரை நிறையக் குடிக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

அம்மா ரொட்டியை மெல்லிதாகத் தட்டி வெறுங்கல்லில் சுட்டார். ஒடித்தபோது சுள்ளி முறிவதுபோல் சத்தம் கேட்டது. நான் மெல்லத் தொடங்கியதும் பக்கத்துக் காம்பராவில் பேச்சு நின்றது.

"உள்ள போயிருச்சா?" என்றார் அக்கா.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைத் தட்டினார். என்னைத் திருத்தும் முயற்சி அன்றோடு முடிந்தது.

கண்ணில் மஞ்சள் மறைந்து நான் பள்ளிக்குக் கிளம்பிய நாளில், எல்லா வீட்டிலும் ஒருசேரக் கருவாடு பொரித்தார்கள். புகைக்குள் லயம் கண்ணில் படவில்லை. அதன்பின் கல்யாணப் பந்திகளில் அக்கா என் பக்கத்திலேயே அமர்வார். கூட்டு வாளி நெருங்கும்போதே, "அந்தப் புள்ளைக்கு அது ஆகாதுங்க, அப்பளத்த வைங்க" என்று அதட்டுவார்.

அக்காவின் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது. அந்தக் காம்பராவில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். பந்தியில் எனக்காக எழுந்த அந்தக் குரலும் போயிற்று. வாளி வரும்போது, தலையை நிமிர்த்தி நானே சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். பெரும்பாலும் அப்பளம் வந்துவிடுகிறது.