நாகலெட்சுமி ஆயாவின் மூச்சு

தலையை இடது தோள் பக்கம் சாய்த்து, வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு, பாலாடையின் முனையை வலது நாசியில் பொருத்தி ஊற்றுகிறாள் நாகலெட்சுமி. கொதிக்கவைத்து ஆறவிட்ட உப்புத்தண்ணீர் இடது நாசி வழியாக வெளியே வந்து சாக்கடைக் கானுக்குள் ஒழுகுகிறது. பீலியடியில் தண்ணீர் பிடிக்க நிற்கிற லயத்துப் பெண்களுக்கு இது தினசரி வேடிக்கை. "ஆயா மூக்கால தண்ணி குடிக்குதுடி" என்று யாராவது ஒருத்தி சொல்லாமல் விடமாட்டாள்.

உப்பு விஷயத்தில் அவள் கறார். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாள். "கண்ணீரு கரிக்கிற அளவுக்குக் கரிக்கணும்ங்க. கொறஞ்சா மண்டைக்குள்ள குத்தும், கூடுனா எரியும்." ஊற்றி முடித்துக் குனிந்து சிந்தியதும் நெற்றிக் கனம் இறங்கும். ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு. அப்புறம் அதே அடைப்பு, அதே மண்டையிடி.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் பதினாறு வருடமாக அவள்தான் ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்க மலையேறியதும் பதினொரு பிள்ளைகள் அவள் பொறுப்பு. சளி உள்ளேயே கிடந்து மூச்சு நாறுவது அவள் மூக்குக்குத் தெரியாது, அதுதான் செத்துப்போயிற்றே! பிள்ளை துணியை நனைத்ததைக் கையால் தடவிப் பார்க்கிறாள், பால் திரிந்ததை நாக்கால் கண்டுபிடிக்கிறாள். வாடை வருதா என்று பெரியவர்களிடம் கேட்டால், "சேச்சே, அப்படியெல்லாம் இல்லீங்க ஆயா" என்று இரண்டடி தள்ளி நின்றுகொண்டு சொல்வார்கள். மூன்று வயது திலக்ஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தினமும் கழுவிவிட்டு வந்து அவன் முகத்தில் ஊதி, "இப்ப வாடை வருதாடா?" என்பாள். "வருது ஆயா" என்பான், டயரை உருட்டிக்கொண்டே. பாவி மகன், ஒரு நாளைக்காவது வரல என்று சொல்லக்கூடாதா!

போன வாரம் கைக்குழந்தைக்காரி சுலக்ஷனா, தோட்டத்து நலன்புரி அதிகாரி ஐயாவிடம் ஆயாவின் மூச்சு வாடையைச் சொல்லி முறையிட்டுவிட்டாள். அவளையும் என்ன சொல்ல? பெற்றவளுக்கு மனசு கேட்குமா? ஐயாவும் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்: "திங்கக்கிழமயிலருந்து நீங்க மலைக்குப் போங்க ஆயா. இங்க வேற ஆள் போடுறோம்." பெரியாஸ்பத்திரியில் மூக்கு ஆபரேஷனுக்குக் கொடுத்திருக்கிற தேதியோ தை மாதத்தில், அதற்கு இன்னும் எத்தனையோ மாதம்.

நாகலெட்சுமிக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. "தை மாசம் மூக்கு தொறந்து என்னாத்துக்குங்க? அதுக்குள்ள பிள்ளைங்க என்னைய மறந்துருமே" என்றாள் பக்கத்து வீட்டு அழகம்மாவிடம்.

சனிக்கிழமை, கடைசி நாள். விடிந்ததிலிருந்து நாலு தடவை ஊற்றியும் மூக்கு அசைந்து கொடுக்கவில்லை. திலக்ஷனிடம் அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. சுலக்ஷனாவின் ஒன்பது மாதக் குழந்தையை மடியில் போட்டு, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பால் புகட்டினாள். பாதிப் பால் கன்னத்தில் வழிந்தது. எப்போதும் குனிந்து கொஞ்சுகிற முகத்தைக் காணாத குழந்தை, கையை நீட்டி அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது.

நாகலெட்சுமி திரும்பினாள். உதட்டை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.