ஏழாவது வாக்கு

கரியில் வாட்டிய முழு மிளகாயைக் கடித்துக்கொண்டேதான் அசாபி வியாபாரம் பேசுவாள். இலேயோ ஊர்ச் சந்தையில் மிளகாய் விற்கும் அவளுக்கு, குழம்பென்றால் மேலே நாலு சுட்ட மிளகாய் முழுசாக மிதக்க வேண்டும். ஊரில் வேறு எந்த அடுப்பிலும் அந்த வழக்கம் கிடையாது என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. யாராவது விலையைக் குறைக்கச் சொன்னால், "வாயைப் பொத்திக்கிட்டு அடுத்த கடைக்குப் போ தாயி" என்பாள்.

சந்தைப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. அதனால் ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் ஒருத்தி. பழைய ராஜா காலமானதும் மற்ற ஆறு பேரும், அரச குடும்பத்து அடேகுனுக்கு மூன்று, அவன் பங்காளிக்கு மூன்று என்று பிரிந்து நின்றார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அடேகுன்தான் ராஜா. அவள் வாயே திறக்கவில்லை.

பொறாமைதான், வேறென்ன! முப்பது வருஷத்துக்கு முன் அவள் அடுப்படியில் தட்டை வழித்துச் சாப்பிட்ட அடேகுன், கல்யாணம் செய்துகொண்டது மொஜிசோலாவை. அவன் முடி சூடினால் அவள் ராணி. "அவ முன்னாடி நான் மண்டி போடணுமா? என் முட்டிக்கு வேற வேலையில்லையா?" என்று சந்தைக்கே கேட்கும்படி கத்தினாள்.

பிறகு ஒரு நாள் சபையில் கிழவர் ஒருவர் முறையை நினைவுபடுத்தினார். ராஜாவாகப் போகிறவன் மூன்று மாதம் தனி வீட்டில் இருக்க வேண்டும். பாடம் சொல்லித்தர இந்த ஏழு பேர் மட்டும் உள்ளே போகலாம். மனைவி சாப்பாட்டை வாசலில் கொடுத்துவிட்டுப் போகலாம், அவனுக்கு முகம் காட்டக் கூடாது.

அசாபி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அடேகுனே இருக்கட்டும்" என்றாள். என்ன பெரிய மனசு என்று ஊரே மெச்சியது. அவளும் மறுக்கவில்லை.

தனி வீட்டின் முதல் நாள், உச்சி வேளைக்கு மொஜிசோலா வாசலில் மண்டியிட்டு வெண்டைக்காய்க் குழம்புப் பானையை நீட்டினாள். அந்த மண்டியைப் பார்க்க அசாபிக்கு வயிறு குளிர்ந்தது. ருசி பார்த்து உள்ளே அனுப்புவது அவள் பொறுப்பு. "உன் சமையல் வாயில வைக்க விளங்குமோ என்னமோ" என்றபடி மூடியைத் திறந்தாள்.

நாலு சுட்ட மிளகாய் முழுசாக மிதந்தன.

"இது யாருடி சொல்லிக் குடுத்தது?"

"அவருதான் அக்கா. கல்யாணமான மறுநாளே கேட்டாரு. இது இல்லேன்னா ஒரு வாய் இறங்காது. முப்பது வருஷமா இப்படித்தான்."

அசாபி நாலு மிளகாயையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். காம்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பிறகு பானையை மூடி, அடேகுனுக்கு உள்ளே அனுப்பினாள்.